பிக்கப்புக்கு இரண்டு பற்றரி

ஜூலை 7, திங்கள்

உறைபனி. இந்த நாட்டில் ஜூலைதான் குளிர்காலம் என்பது இன்னும் பழகவில்லை. வண்டிக் கண்ணாடி முழுக்க வெள்ளை. வெளியே மைனஸ் ஒன்று. இவருடைய எடை 68.3 கிலோ. இருக்க வேண்டியது 66, மிச்சம் உடம்பில் தேங்கிய தண்ணீர்.

பிக்கப் ஸ்ராட் ஆகவில்லை.

5.10க்கு ஏறினோம். இவர் பக்கத்து ஆசனத்தில், மடியில் போர்வை. மஞ்சள் லைற் அணையும் வரை பொறுத்தேன். டீசல் எஞ்சின், உள்ளே சூடேறாமல் திறப்பைத் திருப்பி வேலையில்லை. முதல் தரம் ஒரு முனகல். இரண்டாம் தரம் அதில் பாதி. மூன்றாம் தரம் டக் டக் டக்.

"விடும். இன்னும் இழுத்தால் இருக்கிறதும் போயிடும்" என்றார்.

6.30க்கு மங்கரே யூனிற்றில் இவரை மெஷினில் போட வேண்டும். திங்கள், புதன், வெள்ளி. சிறுநீரகம் செய்கிற வேலையை அந்த மெஷின் ஐந்து மணித்தியாலத்தில் செய்து முடிக்கும். இரண்டு வருடத்தில் ஒரு நாளும் தவறவில்லை. இன்று தவறியது.

புக்கெகோஹிக்கு வெளியே இந்தத் தோட்டத்து வீட்டுக்கு அந்த நேரத்தில் பஸ் இல்லை. நோயாளிகளை ஏற்றுகிற வானும் இவ்வளவு தூரம் வராது. பக்கத்துத் தோட்டக்கார வெயினை எழுப்பினேன். வயர் கொண்டுவந்து தன் வண்டியோடு கொழுவினார். எஞ்சின் இருமி, புகை கக்கி, ஒரு வழியாக ஓடத் தொடங்கியபோது 7.25. யூனிற்றில் இவருடைய இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். நாளை ஒரு மணிக்கு வரச் சொன்னார்கள்.

நான் கரட் பொதி கட்டுகிற ஷெட்டுக்கு லீவு சொன்னேன். மேற்பார்வைக்காரி "அகெய்ன்?" என்றாள். ஓம், அகெய்ன்.

இவர் பின்படியில் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்தார். வெங்காயப் பயிர் இப்போது விரலளவு. வெயில் வர அதன் மேலிருந்த பனி ஆவியாகிப் போனது. ஒரு மணித்தியாலம் அப்படியே இருந்தார். நான் உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்தேன். அவருக்கு ஒன்றுமில்லை.

இரண்டு கப். இவர் நாளுக்கு ஒரு லீற்றருக்கு மேல் குடிக்கக் கூடாது, அந்தக் கணக்கில் எழுதினேன்.

ஜூலை 8, செவ்வாய்

மழைத் தூறல். வெயின் தந்த சார்ஜரை இரவு முழுக்கக் கொழுவி வைத்ததில் ஸ்ராட் ஆனது. முழு வழியும் எஞ்சின் நின்றுவிடுமோ என்ற பயம். சிக்னல் லைற்றுகளில் நின்றபோதும் அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுக்கவே இல்லை.

இவரை ஒரு மணிக்கு மெஷினில் விட்டுவிட்டு நேரே ஒடாஹுஹு. பற்றரிக் கடை செல்வம். தமிழ்நாட்டுக்காரர், நாற்பது வயதிருக்கும், கையுறை போட்டபடியே எல்லாருக்கும் கைகொடுப்பார். பொனற்றைத் திறந்து இரண்டு பற்றரியையும் தனித்தனியாகக் கழற்றி மெஷினில் பரிசோதித்தார். இடப்பக்கம் செத்தது. வலப்பக்கம் அரை உயிர்.

"அப்போ ஒன்றை மாற்றினால் போதுமா?"

"டீசல் வண்டிக்கு ஒண்ண மட்டும் மாத்தக் கூடாதுக்கா. ரெண்டும் ஒரே கயித்துல கட்டின மாடு மாதிரி. பழசு புதுசையும் சேத்து இழுத்து விட்டுடும். ஆறு மாசத்துல ரெண்டும் படுத்துடும்."

அவர் சொல்லச் சொல்ல ரசீதின் பின்பக்கத்தில் எழுதியது:

– இரண்டும் ஒரே வகை, ஒரே மாதம் செய்தது. மேலே ஒட்டிய தேதியைப் பார்க்க வேண்டும். கடைத் தட்டில் ஒரு வருடம் கிடந்தது வேண்டாம்.
– சீ.சீ.ஏ. என்ற எண். கடும் குளிரில் ஒரே தள்ளில் எவ்வளவு கரண்ட் கொடுக்கும் என்பது. டீசலுக்கு இது கூடுதலாக இருக்க வேண்டும். குளிரில் பற்றரியும் சோர்ந்துபோகும், எஞ்சின் எண்ணெயும் கட்டியாகும்.
– பற்றரிப் பெட்டி வண்டியில் அது உட்காருகிற தட்டில் இறுக்கமாக இருக்க வேண்டும். ஆடினால் உள்ளே உடையும்.
– நேர்முனை எந்தப் பக்கம். மாறி வாங்கினால் வயர் எட்டாது.
– கிட்டத் தூரம் மட்டும் ஓடினால் புதுசும் நிறையாது. (நாங்கள் போய்வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல். பிரச்சினை இல்லை.)

மூன்று வகை காட்டினார். சாதாரணமானது. அதே அளவில் சீ.சீ.ஏ. கூடியது. முழுக்க அடைத்த, பாரமான உயர்ந்த ரகம். மூன்றாவது இந்தப் பழைய வண்டிக்குத் தேவையில்லை என்று அவரே சொன்னார். விற்க வந்தவர் வேண்டாம் என்று சொன்னதால் நம்பினேன்.

இவருக்குப் போன் எடுத்தேன். இவர் வவுனியாவில் லொறி மெக்கானிக், இங்கே விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் பதினொரு வருடம் ஃபோர்க்லிஃப்ற் மெக்கானிக். இவரைக் கேட்காமல் இந்த வண்டியில் ஒரு ஆணி மாற்றியதில்லை.

"ஒண்டு போதும். மற்றது இன்னும் ஒரு வருசம் ஓடும்."

"செல்வம் ரெண்டும் மாத்த வேணும் எண்டுறார்."

"அவர் கடைக்காரன். அப்பிடித்தான் சொல்லுவார்."

"ஒண்டை மட்டும் மாத்தலாம் எண்டு நீங்கள் ஆருக்காவது சொல்லியிருக்கிறீங்களா? லொறிக்காரருக்கு?"

மெஷினின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "உம்மட விருப்பம்."

எனக்கு அது பிடிக்கவில்லை. இவர் வண்டி விஷயத்தில் 'உம்மட விருப்பம்' சொல்கிற ஆள் இல்லை.

இரண்டாவது வகை, இரண்டு. ஒரே மாதத்துச் சோடி வியாழனுக்குத்தான் வரும்.

ஜூலை 9, புதன்

4 பாகை. எடை 67.0. சார்ஜர் புண்ணியத்தில் போய்ச் சேர்ந்தோம். 6.24.

நேர்ஸ் கிறிஸ்டினா (மலேசியத் தமிழ்ப்பிள்ளை, எல்லாரையும் அங்கிள், ஆண்ட்டி) ஊசி போடும்போது இவர் மறுபக்கம் பார்த்தபடி. வழக்கமாகப் பகிடி விடுவார். கிறிஸ்டினா என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன்.

வாங்க வேண்டியது: அரிசி, உப்பில்லாத பட்டர், இவருக்குக் காலுறை (கால் வீங்கினால் பழையது இறுக்குகிறது).

ஜூலை 10, வியாழன்

வெயில். பற்றரி போட்டாயிற்று.

இவரும் வந்தார். வரமாட்டார் என்று நினைத்தேன். செல்வம் கழற்றும்போது பக்கத்தில் நின்று தட்டில் பூத்திருந்த வெள்ளைத் தூளைக் காட்டினார். செல்வம் சுடுதண்ணீரில் சோடாத் தூள் கலந்து ஊற்றிக் கழுவினார். இவர் இடக்கையில் மெஷினுக்காக நரம்பு சேர்த்துத் தைத்திருக்கிறது, அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது. வலக்கையால் ஸ்பனரை வாங்கி ஒரு நட்டைத் தானே இறுக்கினார்.

"அண்ணே, நீங்க தொழில் தெரிஞ்சவரு" என்றார் செல்வம்.

"தெரிஞ்சிருந்தது" என்றார் இவர்.

எல்லா நட்டிலும் செல்வம் வெள்ளைப் பெயின்றால் ஒரு கோடு இழுத்தார். நட்டிலிருந்து கிளாம்ப் வரை ஒரே கோடு. அசைந்தால் கோடு முறிந்து தெரியுமாம். திறப்பைத் திருப்பினேன். அரைச் சுற்றில் பிடித்தது. கடை வாசலில் நின்ற சமோவாக்காரப் பெண் தம்ஸ் அப் காட்டினாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. பற்றரிக்கு அழுகிற ஆள் நான்தான்.

ஜூலை 11, வெள்ளி

1 பாகை. ஒரே திருப்பு. எடை 67.9, வரும்போது 66.0.

இவரை வீட்டில் இறக்கிவிட்டு ஷெட்டில் இரவு வரை. கை மரத்துப்போனது. பரவாயில்லை.

ஜூலை 14, திங்கள்

உறைபனி. பூச்சியம். எடை 68.6.

செத்த வண்டி. முனகல்கூட இல்லை. மஞ்சள் லைற்றே வரவில்லை. கதவைத் திறந்தால் எரிகிற சின்ன லைற்றும் இல்லை. புதுப் பற்றரி போட்டு நாலு நாள்.

"புதுசிலயும் பழுது வரும்" என்றார் இவர். "நீர் உள்ள போய் வெயினுக்குப் போன் எடும். நான் ஒருக்கால் பாக்கிறன்."

குளிரில் விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். வெயின் எடுக்கவில்லை. யூனிற்றுக்கு எடுத்தேன், செல்வத்துக்கு எடுத்தேன் (கடை திறக்கவில்லை, கோபமாக ஒரு தகவல் விட்டேன், இப்போது நினைக்கக் கூச்சமாக இருக்கிறது). வெயின் வந்தபோது ஏழு தாண்டிவிட்டது. வயரைக் கொழுவ முதல் "ஒரு தரம் திருப்பிப் பார்" என்றார். திருப்பினேன். அரைச் சுற்றில் பிடித்தது.

வெயின் சிரித்தார். புதுச் சாமானுக்கும் பழக நாள் வேண்டும் என்றார். இவரும் சிரித்தார்.

நாளைக்கு இடம் இல்லை. ஒருவரும் விட்டுக்கொடுக்கக்கூடிய நிலையில் இல்லையாம். புதன்தான். வெள்ளியிலிருந்து புதன் வரை மெஷின் இல்லை. கிறிஸ்டினா போனில் மெதுவாகச் சொன்னாள்: "ஆண்ட்டி, தண்ணி ரொம்பக் கம்மியா குடுங்க. வாழைப்பழம், உருளைக்கிழங்கு கிட்டயே போகக் கூடாது. மூச்சு வாங்குச்சுன்னா ஹாஸ்பிட்டல் எமர்ஜென்சி. வெய்ட் பண்ணாதீங்க."

இவர் மறுபடியும் பின்படியில். வெயிலில். கையில் கப். நான் கப்பைப் பறித்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

எடை 69.8. படுக்க முடியவில்லை. விடிய எழும்பிப் பார்த்தபோது கதிரையில் உட்கார்ந்து நித்திரை. கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி நிற்கிறது. உடனே ஆஸ்பத்திரி என்றேன்.

"மூச்சு நல்லா இருக்கு. நாளைக்கு எல்லோ. பொறும்."

வண்டி மறுபடி நின்றால் இவரைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. முதலில் செல்வம், பிறகு யூனிற் வாசலில் போய் நிற்பது, அவர்கள் என்ன சொன்னாலும் நகர்வதில்லை என்று முடிவு. இவரையும் ஏற்றிக்கொண்டேன். ஒரே திருப்பில் பிடித்தது. அதுவே எரிச்சல்.

ஒடாஹுஹு. இவர் வண்டிக்குள்ளேயே. செல்வம் பொனற்றைத் தூக்கினார். நேற்று விட்ட தகவலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு பற்றரியும் முழு நிறைவு. சார்ஜ் ஆவதும் சரி. நிறுத்தி வைத்திருக்கும்போது கரண்ட் எங்கேயும் ஒழுகவில்லை. எல்லாம் பார்த்த பிறகு கையுறையைக் கழற்றினார்.

"அக்கா, இங்க வாங்க."

இரண்டு பற்றரியின் எதிர்முனையையும் காட்டினார். வெள்ளைக் கோடு முறிந்திருந்தது. நட்டில் ஒரு பக்கம், கிளாம்பில் ஒரு பக்கம். இடப்பக்கமும் அப்படி, வலப்பக்கமும் அப்படி. நேர்முனை இரண்டிலும் கோடு நேராக இருந்தது.

"ஒண்ணு ஆடிக் கழண்டுச்சுன்னா நம்பலாம். ரெண்டும் ஒரே நேரத்துல கழலாது. அதுவும் கழண்டது தானா திரும்ப இறுகாது. யாரோ கழட்டித் திரும்ப மாட்டியிருக்காங்க. தொழில் தெரிஞ்ச கை."

அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பழந்துணியால் கையைத் துடைத்தபடி நின்றார்.

பொனற் தூக்கியிருந்ததால் முன் கண்ணாடி மறைந்திருந்தது. அதற்குப் பின்னால் இவர் இருந்தார். ஞாயிறு பின்னேரம் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கத் தானே போகிறேன் என்று போனவர். திரும்பி வர நேரம் எடுத்தவர். நேற்று "நீர் உள்ள போய்" என்று என்னை அனுப்பியவர்.

செல்வம் கோட்டைத் துடைத்துப் புதிதாக இழுத்தார். பொனற்றை மூடினார். இவர் நேரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

நேரே மங்கரே யூனிற் கார் பார்க். நிறுத்தி எஞ்சினை அணைத்தேன்.

"ஏன்?"

மூச்சு வாங்கியது அவருக்கு. இரண்டு மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு.

"எனக்குப் பக்கத்துக் கதிரை. சியோனே."

டோங்காக்காரர். பெரிய உடம்பு, சின்னக் குரல். இரண்டு வருடமாக யூனிற்றில் இவருக்குப் பக்கத்தில். ரக்பியும் மழையும் கதைப்பார்கள். எனக்கு வாசலில் தலையசைப்பார்.

"போன மாசம் ஒரு திங்கக்கிழமை வரேல்ல. புதனும் வரேல்ல. வெள்ளி அந்தக் கதிரையில வேற ஆள். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. நானும் கேக்கேல்ல."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாம்."

"என்னெண்டு சொல்லுறது?" கையால் முகத்தைத் துடைத்தார். "அண்டைக்குப் பற்றரி உண்மையாத்தான் செத்தது. நான் ஒண்டும் செய்யேல்ல. பின்படியில இருந்து வெங்காயத்தில வெயில் படுறதைப் பாத்தன். ரெண்டு வருசத்துக்குப் பிறகு திங்கக்கிழமை விடியக்காலமை எண்டா என்னெண்டு கண்டன். இன்னும் ஒருக்கால் பாக்க வேணும்போல இருந்தது. அவ்வளவுதான்."

"செத்திருப்பீங்கள்."

"ஓம்."

அந்த 'ஓம்' எனக்குப் பொறுக்கவில்லை. கத்தினேன். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் அப்படி அவரிடம் கத்தியதில்லை. பனியில் என்னை ஓட வைத்தது, வெயினை எழுப்ப வைத்தது, செல்வத்தை ஏச வைத்தது, எல்லாம் சொன்னேன். பற்றரிக் கடையில் எண்களை எழுதிக்கொண்டு நின்றதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் மூச்சு முட்டி முன்னுக்குக் குனிந்தார். கத்தலை விட்டுவிட்டு உள்ளே ஓடி சக்கர நாற்காலி கொண்டுவந்தேன்.

ஒட்சிசன் வைத்தார்கள். பிறகு ஆம்புலன்சில் பெரியாஸ்பத்திரி. அங்கே மெஷின். இரவு அங்கேயே வைத்துப் பார்ப்பார்களாம்.

நான் பிக்கப்பில் தனியாக வீடு.

ஜூலை 16, புதன்

மழை. எடை (அவர்கள் சொன்னது) 66.4. மூச்சு சரி. மத்தியானம் கூட்டிவந்தேன். வரும் வழியில் யூனிற். கிறிஸ்டினாவிடம் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லலாமா கூடாதா என்று இரவு முழுக்க யோசித்தது, அவளைக் கண்டதும் வாயில் வந்துவிட்டது.

அவள் இவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அங்கிள், சியோனே வீட்லதான் எறந்து போனாரு. தூக்கத்துல. ஃபேமிலி கேட்டுக்கிட்டாங்க, யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு. உங்ககிட்ட மட்டும் சொல்லியிருக்கணும். அது எங்க தப்பு."

இவர் தலையசைத்தார்.

"நிப்பாட்டணும்னா அது உங்க முடிவு. நெஜமா. டாக்டர், நான், ஆண்ட்டி எல்லாரும் உட்கார்ந்து பேசலாம். ஆனா ஸ்பேனர வச்சு முடிவெடுக்காதீங்க. ஆண்ட்டி பாவம்."

"நிப்பாட்ட எண்டு நான் சொல்லேல்ல."

"அப்ப என்ன வேணும்?"

"காலமை" என்றார். "காலமை எனக்கு வேணும்."

அவள் உடனே எழும்பவில்லை. செவ்வாய், வியாழன், சனி மத்தியான வரிசையில் ஆள் நிறைந்திருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன், வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றாள். டாக்டரோடும், மனம் பற்றிக் கதைக்கிற ஒரு அம்மாவோடும் நாள் குறித்தாள். இவர் அதற்கும் சரி என்றார். அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

நேற்று மெஷினில் இருந்ததால் அடுத்தது வெள்ளிக்கிழமைதான். 6.30.

ஜூலை 17, வியாழன்

எடை 67.1. காற்று, தெற்கிலிருந்து. நாளை பனி என்று ரேடியோ.

ஷெட்டுக்குப் போய்விட்டு நாலுக்கு வந்தேன். இவர் சோறு வைத்திருந்தார். உப்பில்லாத பருப்பு, கத்தரிக்காய்.

ஸ்பனர் பெட்டி கராஜில் அதே இடத்தில். ஒளித்து வைக்கலாமா என்று இரண்டு தரம் போனேன். வைத்தால் நான் இவருக்குக் காவல்காரி. வைக்காவிட்டால் விடிய விடிய விழித்திருக்க வேண்டும். கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

சாப்பிட்ட பிறகு செல்வம் போன் எடுத்தார். "அக்கா, வண்டி எப்படி?" நல்லா இருக்கு என்றேன். "அண்ணன்?" நல்லா இருக்கிறார் என்றேன். "பேட்டரிக்கு நான் கேரண்டி" என்றார். பாவம், அவருக்கும் வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இவரிடம் கேட்டேன்: "நாளைக்குக் காலமை நான் என்ன எதிர்பார்க்கிறது?"

"எனக்குத் தெரியேல்ல" என்றார். பொய் சொல்லவில்லை. அதனால் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

மைனஸ் இரண்டு. இந்தக் குளிர்காலத்தில் இதுதான் மோசம். எடை 67.8.

4.50க்கு எழும்பியபோது படுக்கையில் இவர் இல்லை. பின்படியிலும் இல்லை. வெளியே வந்தேன், செருப்புக்கூடப் போடாமல். பிக்கப்பின் பொனற் மூடியிருந்தது. இவர் உள்ளே, ஸ்ரியறிங் பக்கம். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் பக்கம். வண்டி ஓட டாக்டர் விடமாட்டார், ஒரு தரம் வழியில் மயங்கியதிலிருந்து.

பக்கத்து ஆசனத்தில் ஏறினேன். கால் விறைத்தது. அவர் போர்வையை என் காலில் போட்டார்.

திறப்பு உள்ளே. மஞ்சள் லைற் எரிந்து, அணைந்தது. அவர் திருப்பவில்லை. மறுபடி எரிந்து அணைந்தது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வெயின் வீட்டில் லைற் வந்தது. 5.12. 5.15.

"பயமா இருக்கு" என்றார்.

"எனக்கும்தான்."

திருப்பினார். அரைச் சுற்றுக்கூட இல்லை, பிடித்தது. கொஞ்ச நேரம் கையை ஸ்ரியறிங்கிலேயே வைத்திருந்தார், எஞ்சின் சூடாகிச் சத்தம் சமமாகும் வரை. பிறகு இறங்கி, முன்னால் சுற்றி, பனி உறைந்த பொனற்றில் வலக்கையை ஊன்றி நடந்து இந்தப் பக்கம் வந்து கதவைத் திறந்தார்.

"தள்ளும். நீர் ஓடும். நேரம் போகுது."

மோட்டார்வேயில் ஏறுகிற வளைவில் கியர் மாற்றினேன். கரகரத்தது. வழக்கம்போல.

"நீர் கிளச்சை முழுசா மிதிக்கிறேல்ல. ரெண்டு வருசமாப் பாத்துக்கொண்டு இருக்கிறன். கியர்பொக்ஸ் போகப்போகுது."

"ரெண்டு வருசமா ஏன் சொல்லேல்ல?"

"சொல்ல மனம் வரேல்ல."

மோட்டார்வேயிலிருந்து இறங்கின முதல் சிக்னல் லைற்றில் முழுசாக மிதித்தேன். கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

"ம். அப்பிடித்தான்" என்றார். "இன்னும் கொஞ்சம்."